810 புள்ளிகள்: இங்கிலாந்தின் பள்ளிப் பட்டியல்கள் உயர்தரத் தகுதிகளை எடைபோட்ட விதம்

தங்கச்சியின் மகள் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த செப்டெம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வகுப்புகள். லண்டனில் இந்த வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் ஒரே மாதிரித்தான் போகும்: வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு, ஏதாவது ஒரு கல்லூரியின் ஓப்பன் ஈவினிங்குக்கு ஓட வேண்டும். அப்படிப் போய்வந்த ஓர் இரவு, அவர்கள் வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கல்வித் திணைக்களத்தின் பள்ளி ஒப்பீட்டுத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இடங்கள். சிக்ஸ்த் ஃபார்ம் முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வில் ஒன்றின் சராசரிக்கு நேரே 'பி மைனஸ்' என்றிருந்தது. மற்றதற்கு 'சி பிளஸ்'.

"மாமா, பி மைனஸ்தானே பெரிசு? அப்ப அங்கயே போடுவம்" என்றாள் மருமகள்.

தங்கச்சிக்கு வேறு கவலை. "அண்ணா, இவள் பீடெக்கும் செய்யலாமோ எண்டு யோசிக்கிறாள். அதுக்கு எத்தினை புள்ளி குடுப்பினம்?"

தங்கச்சி இலங்கையில் உயர்தரம் எழுதியவள். அங்கே இசட் புள்ளி என்றால் அது பிள்ளையின் புள்ளி. பல்கலைக்கழகக் கதவு திறக்குமா திறக்காதா என்பதை அது சொல்லும். இங்கே திரையில் தெரிந்தது பள்ளியின் புள்ளி. பிள்ளைக்கு அதில் ஒரு பலனும் நேரடியாகக் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளிப் புள்ளிக்காகவே பிள்ளைகளுக்குப் பாடங்கள் தரப்பட்டதும், பாடங்கள் பறிக்கப்பட்டதும், சில பிள்ளைகள் நடுவழியில் இறக்கிவிடப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அது எப்படி நடந்தது என்பதைப் புள்ளிகளின் வழியாகவே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு சிறு விளக்கம்: இந்தக் கட்டுரையில் பீடெக் என்று வருவது பொறியியல் பட்டம் அல்ல. பியர்சன் நிறுவனம் நடத்தும், 16 வயதுக்கு மேல் ஏ-லெவலுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ படிக்கக்கூடிய தொழில்சார் தகுதி.

பழைய கணக்கு

இங்கிலாந்தில் பள்ளிப் பெறுபேற்றுப் பட்டியல்கள் 1992-இல் தொடங்கின. ஜான் மேஜர் அரசின் காலம். பெற்றோருக்குத் தகவல் வேண்டும், தகவல் இருந்தால் தெரிவு செய்வார்கள், தெரிவு இருந்தால் பள்ளிகள் திருந்தும் என்பது அதன் அடிப்படை. அரசு எண்களை வெளியிடும். பத்திரிகைகள் அவற்றை மேலிருந்து கீழாக அடுக்கும். மக்கள் மனதில் நின்றது அந்த அடுக்குத்தான்.

அடுக்குவதென்றால் எழுத்துகளை எண்ணாக்க வேண்டும். 2016-க்கு முந்திய ஆண்டுகளில் பட்டியல்களில் இருந்த கணக்கு இது: ஏ-லெவலில் ஏ ஸ்டாருக்கு 300 புள்ளி, ஏ-க்கு 270, பி-க்கு 240, சி-க்கு 210, டி-க்கு 180, இ-க்கு 150. ஒவ்வொரு தரத்துக்கும் இடையே 30. பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோளாறு அடித்தட்டில் இருந்தது. தட்டுத்தடுமாறிக் கடைசித் தரத்தில் சித்தியடைந்தாலே 150 புள்ளி கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் உச்சம்வரை ஏறினாலும் இன்னொரு 150தான். ஆக, நான்கு இ எடுத்த பிள்ளையும் இரண்டு ஏ ஸ்டார் எடுத்த பிள்ளையும் பள்ளிக்குக் கொண்டுவந்தது ஒரே 600.

இன்னும் நடைமுறையான உதாரணம் ஒன்று. மூன்று பாடம் எடுத்து மூன்றிலும் ஏ வாங்கிய மாணவி: 270 மும்முறை, மொத்தம் 810. நான்கு பாடம் எடுத்து மூன்றில் சி, ஒன்றில் டி வாங்கிய மாணவன்: 630-உம் 180-உம், மொத்தம் 810. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையும், பல்கலைக்கழக இடத்துக்குத் திண்டாடும் பிள்ளையும் 'ஒரு மாணவருக்கான சராசரிப் புள்ளி' என்ற பத்தியில் சரிசமம்.

அதே இரண்டு பேரை, அதே பெறுபேறுகளோடு, பல்கலைக்கழக அனுமதிகளைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் அன்றைய புள்ளிகளில் நிறுத்திப் பாருங்கள். அங்கே ஏ-க்கு 120, சி-க்கு 80, டி-க்கு 60. மாணவிக்கு 360, மாணவனுக்கு 300. சமம் போய்விட்டது. சான்றிதழ் ஒன்றுதான், தராசு இரண்டு.

பழைய பட்டியலில் 'ஒரு பாடத்துக்கான சராசரி' என்று இன்னொரு பத்தியும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதில் மாணவிக்கு 270, மாணவனுக்கு 202.5. ஆனால் அங்கேகூட, மூன்று ஏ வாங்கியவளின் முக்கால் பங்கு அவனுக்கு வந்துவிடுகிறது. அடித்தட்டில் வைத்த அந்த 150 எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நெருக்கிவைத்திருந்தது.

ஒரு பள்ளி நிர்வாகி இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? இன்னொரு பாடம் சேர்த்தால் குறைந்தது 150. எனவே எல்லாருக்கும் ஜெனரல் ஸ்டடீஸ். அந்தப் பாடத்தைத் தங்கள் அனுமதி நிபந்தனைகளில் கணக்கில் எடுக்காத பல்கலைக்கழகங்கள் ஏராளம். பிள்ளையின் எதிர்காலத்துக்குப் பெரிதாக உதவாத பாடம், பள்ளியின் எண்ணை மட்டும் உயர்த்தியது. அந்தப் பாடம் பிடித்துப் படித்தவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிடித்ததா இல்லையா என்று யாரும் கேட்காமல் ஒரு முழு வகுப்பையும் அதில் உட்காரவைத்த இடங்கள் இருந்தன என்பதும் உண்மை.

ஏ-லெவலுக்குப் பதிலாகப் படிக்கும் சர்வதேச பக்கலோரியா வந்தபோது இந்தத் தராசுப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்தது. அதன் உச்சம் 45 புள்ளி. யூகாஸ் முதலில் அந்த 45-க்குக் கொடுத்த மதிப்பு 768. ஏ-லெவலில் ஆறு ஏ எடுத்தாலே 720தான். ஏ-லெவலில் ஆறு பாடம் யார் எடுக்கிறார்கள்? பிறகு 768-ஐ 720 ஆகக் குறைத்தார்கள். அந்தத் திருத்தமே சொல்கிறது: இது அளந்து கண்டுபிடித்த எண் அல்ல, ஒரு மேசையைச் சுற்றியிருந்து பேசி முடிவுசெய்த எண்.

2016: தராசை மாற்றினார்கள்

2016 பெறுபேறுகளிலிருந்து கல்வித் திணைக்களம் முழுக் கணக்கையும் மாற்றியது. ஏ ஸ்டாருக்கு 60, ஏ-க்கு 50, பி-க்கு 40, சி-க்கு 30, டி-க்கு 20, இ-க்கு 10. தரங்களுக்கு இடையிலான படி முன்புபோலவே சமம். ஆனால் அடித்தட்டில் வைத்த கனம் போய்விட்டது. முன்பு இரண்டு இ சேர்ந்தால் ஒரு ஏ ஸ்டார். இப்போது ஆறு இ வேண்டும்.

நம்முடைய இரண்டு பேரையும் மறுபடி நிறுத்துவோம். மாணவிக்கு 150, மாணவனுக்கு 110. முதன்மைப் பத்தியாக இப்போது வைக்கப்பட்டது ஒரு பாடத்துக்கான சராசரி. அதில் அவளுக்கு 50, அவனுக்கு 27.5. முக்கால் பங்காக இருந்தவன் பாதிக்குச் சற்று மேலே வந்து நிற்கிறான். அவன் ஒரு வரிகூட மாற்றி எழுதவில்லை.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பையன் நான்காவது பாடத்தை எடுக்காமல் இருந்திருந்தால் மூன்று சி, சராசரி 30. நான்காவதை எடுத்து டி வாங்கியதால் 27.5. பழைய கணக்கில் அந்த டி பள்ளிக்கு 180 புள்ளி வரவு. புதிய கணக்கில் அதே டி பள்ளிக்கு 2.5 செலவு. முன்பு "இன்னொரு பாடம் எடு" என்று தள்ளிய அதே அமைப்பு, இப்போது "அதை விட்டுவிடு" என்று இழுக்கத் தொடங்கியது. இரண்டு சமயத்திலும் பையனுக்கு எது நல்லது என்ற கேள்வி கணக்குக்குள் இல்லை. நான்காவது பாடமாக இசையை வைத்துக்கொள்ள ஆசைப்படும், ஆனால் அதில் டி-தான் வாங்கக்கூடிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த டி மதிப்புள்ளது. எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் ஏஎஸ் தேர்வை 2015-இலிருந்து ஏ-லெவலிலிருந்து பிரித்ததும் இதே காலத்தில் நடந்தது. ஏஎஸ் எழுதுவோர் தொகை சரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு எடுத்து, பதின்மூன்றில் ஒன்றை விட்டு, விட்டதற்கும் ஒரு சான்றிதழ் கையில் வைத்திருக்கும் பழைய வழக்கம் மெல்ல மறைந்தது. எல்லாம் மூன்றை நோக்கி நகர்ந்தன.

ஒரு டிஸ்டிங்ஷனுக்கு இரண்டு விலை

தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவளுக்குப் பதில் சொல்லும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன்.

ஒரு ஏ-லெவல் அளவுள்ள பீடெக்கை எடுத்துக்கொள்வோம். 2017 அனுமதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் யூகாஸ் கணக்கில் டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56, டிஸ்டிங்ஷனுக்கு 48, மெரிட்டுக்கு 32, பாஸுக்கு 16. ஏ-லெவலில் ஏ ஸ்டார் 56, ஏ 48, சி 32, இ 16. அதாவது டிஸ்டிங்ஷன் என்பது ஏ-க்குச் சமம், மெரிட் என்பது சி-க்குச் சமம்.

இனிப் பள்ளிப் பட்டியல். அங்கே டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 50, டிஸ்டிங்ஷனுக்கு 35, மெரிட்டுக்கு 25, பாஸுக்கு 15. ஏ-லெவல் ஏ-க்கு 50, பி-க்கு 40, சி-க்கு 30 என்பதை நினைவில் வையுங்கள். பல்கலைக்கழக வாசலில் ஏ-யாக இருந்த டிஸ்டிங்ஷன், பள்ளிப் பட்டியலில் பி-க்கும் சி-க்கும் நடுவில் நிற்கிறது. மெரிட், சி-க்கும் டி-க்கும் நடுவில். மூன்று ஏ-லெவல் அளவுள்ள பெரிய பீடெக்கில் மூன்று டிஸ்டிங்ஷன் வாங்கும் பிள்ளைக்கு யூகாஸ் 144 தரும், மூன்று ஏ வாங்கியவளுக்குத் தருவது போலவே. பள்ளிக்கு அதே பிள்ளை 105. மூன்று ஏ வாங்கியவள் 150.

தாளைப் பார்த்த தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எது சரியான விலை?" என்றாள்.

இரண்டும் வெவ்வேறு வேலைக்காகப் போட்ட விலை என்றுதான் சொல்ல முடிந்தது. யூகாஸ் புள்ளி ஒரு பொதுமொழி. ஒரு பல்கலைக்கழகம் அதை ஏற்கலாம், அல்லது "எங்களுக்கு ஏ-லெவல் கணிதம் வேண்டும்" என்று புள்ளியைத் தாண்டிக் கேட்கலாம். பள்ளிப் பட்டியல் பார்க்க முனைவது வேறொன்று: இந்தத் தரத்தை எட்டுவது எவ்வளவு கடினம், இதை வாங்கியவர்கள் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் வழக்கமாக எப்படிப்பட்ட பெறுபேற்றோடு வந்தவர்கள் என்பது போன்றது. நியாயமான வாதம்தான். ஆனால் அதைப் பெற்றோருக்கு யாரும் விளக்குவதில்லை. 'மெரிட் பிளஸ்' என்று ஒரு கல்லூரிக்கு நேரே போட்டிருந்தால் அதன் பின்னால் இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பது எந்தத் தாய்க்குத் தெரியும்?

2016-க்குப் பிறகு ஏ-லெவலையும் பீடெக் போன்றவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்குவதில்லை; தனித்தனிப் பிரிவுகளாகக் காட்டுகிறார்கள். இது உண்மையிலேயே நல்ல மாற்றம். அதன் பின்னணியில், தொழில்சார் கல்வி பற்றிப் பேராசிரியர் ஆலிசன் வுல்ஃப் அரசுக்குக் கொடுத்த 2011 அறிக்கை இருக்கிறது. ஜிசிஎஸ்இ மட்டத்தில் அப்போது நிலைமை மோசம். ஒரு தொழில்சார் தகுதி நான்கு, சில சமயம் ஆறு ஜிசிஎஸ்இ-க்குச் சமம் என்று எண்ணப்பட்டது. பள்ளிகள் பிள்ளைகளை அவற்றில் சேர்த்துப் பட்டியலில் ஏறின. பிள்ளைகள் வேலை தேடப் போனபோது அந்தச் சான்றிதழை மதிக்க ஆளில்லை. 2012 ஜனவரியில் அரசு, சமமாக எண்ணப்படும் தகுதிகளை 3,175-இலிருந்து 125 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. உயர்தர மட்டத்திலும் அதே பாதையில் பிறகு கட்டுப்பாடு வந்தது: வெளித்தேர்வு இருக்க வேண்டும், அங்கீகரித்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால், பிள்ளை இரண்டு ஆண்டு உழைத்து வாங்கிய சான்றிதழ் பள்ளிக்குப் பூச்சியம்.

பூச்சியம் என்றதும் நினைவுக்கு வருவது 2015 ஜனவரி. சில சர்வதேச ஜிசிஎஸ்இ தேர்வுகளை எண்ணுவதை நிறுத்தியதால், நாட்டின் மிகப் புகழ்பெற்ற தனியார் பள்ளிகள் சிலவற்றுக்கு நேரே அந்த ஆண்டுப் பட்டியலில் 0 சதவீதம் என்று வந்தது. அந்தப் பள்ளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய பெயர் அவர்களைக் காப்பாற்றும். அதே பூச்சியம் ஓர் ஏழை ஊரின் கல்லூரிக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

ஆர்பிங்டனில் நடந்தது

லண்டனின் தென்கிழக்கில், புரோம்லி மாநகரப் பகுதியில், ஆர்பிங்டனில் செயின்ட் ஓலேவ்ஸ் என்ற கிராமர் பள்ளி இருக்கிறது. நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளி. பட்டியல்களில் எப்போதும் மேலே. 2017 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் மூன்று பி எடுக்காத மாணவர்கள் பதின்மூன்றாம் வகுப்புக்குத் திரும்ப முடியாது என்று அங்கே சொல்லப்பட்டது. பாதிக் கிணறு தாண்டிய பிள்ளைகள். செப்டெம்பருக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த நேரத்தில் வேறு பள்ளி தேடுவது எவ்வளவு கடினம் என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும். குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாடின. பள்ளி பின்வாங்கி மாணவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட மாணவரைப் பெறுபேறு போதவில்லை என்ற காரணத்தால் வெளியே அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை என்பது அந்த வழக்கால்தான் பரவலாகத் தெரியவந்தது. புரோம்லி கவுன்சில் ஏற்பாடு செய்த சுயாதீன விசாரணையின் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. பள்ளியின் பெயரை மாணவர் நலனுக்கு மேலாக வைத்த போக்கை அது கண்டித்தது.

புள்ளிக் கணக்கோடு இதற்கு என்ன தொடர்பு? ஒரு பாடத்துக்கான சராசரி என்பது கடைசிவரை இருந்து தேர்வெழுதியவர்களின் சராசரி. நடுவழியில் போனவர் வகுத்தியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. சி எடுக்கக்கூடிய ஒருவரை ஜூலையில் அனுப்பிவிட்டால் அடுத்த ஆண்டுச் சராசரி தானாக உயரும். ஒருவருக்கும் ஒரு வரி கூடுதலாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இதைத் தடுக்கத்தான் 2016 மாற்றங்களோடு 'தக்கவைப்பு' என்ற அளவும் முதன்மைப் பத்திகளில் சேர்க்கப்பட்டது: பாடநெறியைத் தொடங்கியவர்களில் எத்தனை சதவீதம் கடைசிவரை இருந்தார்கள். ஜிசிஎஸ்இ ஆங்கிலமும் கணிதமும் தவறவிட்டவர்களின் முன்னேற்றம், படிப்பு முடிந்த பின் எங்கே போனார்கள் என்ற பத்திகளும் உண்டு. எல்லாம் இருக்கின்றன. ஆனால் பத்திரிகைகள் அடுக்குவது ஏ-லெவல் சராசரியைத்தான். என் மருமகளும் முதலில் பார்த்தது அதைத்தான்.

பூச்சியம் நல்லதாக இருக்கும் பத்தி

அவளுக்கு நான் காட்டிய அடுத்த பத்தி முன்னேற்றப் புள்ளி. ஒரு மாணவர் ஜிசிஎஸ்இ-யில் என்ன பெறுபேற்றோடு வந்தார் என்று பார்க்கிறார்கள். நாடு முழுவதும் அதே பெறுபேற்றோடு வந்து அதே பாடத்தை எடுத்தவர்கள் சராசரியாக என்ன வாங்கினார்கள் என்று பார்க்கிறார்கள். வித்தியாசந்தான் புள்ளி. 0 என்றால் நாட்டுச் சராசரி. கூட்டல் 0.3 என்றால், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய பத்துப் பாடங்களில் மூன்றில் எதிர்பார்த்ததைவிட ஒரு தரம் கூட வாங்கியதற்குச் சமம்.

எங்கள் திரையில் இருந்த இரண்டில், 'பி மைனஸ்' பள்ளிக்கு முன்னேற்றம் கழித்தலில் இருந்தது. 'சி பிளஸ்' கல்லூரிக்குக் கூட்டலில். முதலாவது, ஜிசிஎஸ்இ-யில் பெரும்பாலும் 7-உம் 8-உம் எடுத்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் இடம். இரண்டாவது 5 இருந்தால் எடுக்கும். மருமகள் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப கெட்டிக்காரரை எடுத்தா பெரிய நம்பர் வரும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பத்தியும் பிழையற்றது அல்ல. முப்பது பேர் மட்டும் படிக்கும் சிறிய சிக்ஸ்த் ஃபார்மில் இரண்டு பேருக்கு அந்த ஆண்டு வீட்டில் துக்கம் என்றால் எண் கீழே போய்விடும். அதனால்தான் பக்கத்தில் ஒரு வீச்சு எல்லையும் போட்டிருப்பார்கள்; அது பூச்சியத்தைத் தொட்டால், பள்ளி நாட்டுச் சராசரியிலிருந்து வேறுபட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெருந்தொற்றில் 2020-க்கும் 2021-க்கும் பள்ளிவாரிப் பட்டியலே வெளியிடவில்லை. 2019-இல் ஐக்கிய இராச்சியத்தில் ஏ அல்லது அதற்கு மேல் கிடைத்த ஏ-லெவல் பெறுபேறுகள் 25.4 சதவீதம், ஆசிரியர் மதிப்பீட்டில் வழங்கப்பட்ட 2021-இல் 44.8. அந்த ஆண்டுகளை வைத்துப் பள்ளிகளை ஒப்பிட்டிருந்தால் அநியாயமாக இருந்திருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேல்ஸ் 2001-இல் பட்டியல்களை நிறுத்தியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சைமன் பர்ஜஸ், டெபரா வில்சன், ஜாக் வொர்த் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அதன் பிறகு வேல்ஸ் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு ஜிசிஎஸ்இ தரங்கள் அளவுக்கு இங்கிலாந்தோடு ஒப்பிடப் பின்தங்கியதாகக் கண்டார்கள். முதல் கால்பங்குப் பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை, அடிபட்டவை மற்றவை. யாரும் பார்க்காத இடத்தில் முதலில் நட்டப்படுவது வசதியில்லாத பிள்ளைகளே.

இப்போது இன்னொரு சுற்று வருகிறது. 2020-இல் தொடங்கிய டி-லெவல் என்ற தொழில்நுட்பத் தகுதிக்கு யூகாஸ் உச்சமாக 168 புள்ளி தருகிறது, மூன்று ஏ ஸ்டாருக்குத் தருவது போல. 2025 அக்டோபர் வெள்ளையறிக்கை வி-லெவல் என்ற புதிய தகுதியை அறிவித்தது. ஒன்று ஒரு ஏ-லெவல் அளவில் இருக்கும், ஏ-லெவலோடு சேர்த்தும் எடுக்கலாம். பீடெக் போன்றவற்றின் இடத்தை அது பிடிக்க வேண்டும் என்பது திட்டம். அதன் ஒவ்வொரு தரத்துக்கும் பள்ளிப் பட்டியலில் எத்தனை புள்ளி என்று யாரோ ஒரு மேசையில் முடிவுசெய்வார்கள். பிள்ளைகளுக்கு எது பரிந்துரைக்கப்படும் என்பது அந்த எண்ணைப் பொறுத்து அசையும்.

அடுத்த ஓப்பன் ஈவினிங் ஒரு வியாழக்கிழமை. பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தபோது மருமகள் கையைத் தூக்கினாள். போன வருடத்துக்கு முந்திய வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பதின்மூன்றின் முடிவில் தேர்வெழுதினார்கள் என்று கேட்டாள். துணைத் தலைமையாசிரியர் மேசைக்குப் போய் ஒரு கோப்பைப் புரட்டி இரண்டு எண்களையும் சொன்னார். அவள் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொண்டிருந்தாள்.